ஏரிக்குப் போகும் டிரெய்லர்

ஒரெஸ்ட் சபதம் போடுகிற ஆள் இல்லை. அந்த வேலையையெல்லாம் அவன் மனைவி வெர்னா பார்த்துக்கொள்வாள். அக்டோபர் விடுமுறைக்கு வான்கோழி விருந்து முடிந்த கையோடு, தன் தம்பி தாரஸையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டே அவள் சொல்லிவிட்டாள்.

"ஏய்யா ஒரெஸ்ட், நல்லாக் கேட்டுக்க. மே மாசம் டிரெய்லர் கதவைத் திறக்கறப்ப ஒரே ஒரு எலிப்புழுக்கை கிடந்தாலும் சரி, வண்டி தாரஸுக்குத்தான். அப்புறம் ஏரியாவது மீனாவது."

"அக்கா சொல்லிட்டா சொன்னதுதான் மச்சான்" என்றான் தாரஸ், இன்னொரு துண்டு பூசணிப் பணியாரத்தைத் தட்டில் எடுத்துப் போட்டபடி. அவன் ஏற்கெனவே தன் லாரியின் பின்கொக்கி, அடுப்பும் படுக்கையும் உள்ள அந்த டிரெய்லருக்குப் பொருந்துமா என்று அளந்து பார்த்துவிட்டான் என்பது ஊருக்கே தெரியும்.

வெர்னாவைக் குறை சொல்ல முடியாது. போன வசந்தத்தில் ஏரிக்கரைக்குப் போய் இறங்கிய முதல் நாளே ரொட்டி சுடலாம் என்று டிரெய்லர் அடுப்பை மூட்டினாள். அடுப்புக்குள் எலி குடும்பம் நடத்திய கூடு இருந்திருக்கிறது. அந்த நாற்றம் போக ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் கதவைத் திறந்து போட்டுக் கொசுவுக்கு இரத்த தானம் செய்தார்கள்.

ஆனால் ஒரெஸ்டுக்கு அந்த டிரெய்லர்தான் உயிர். முப்பத்தோரு வருடம் தானியக் கிடங்கில் தூசியைத் தின்றவன் அவன். மே முதல் செப்டம்பர் வரை ஏரிக்கரையில் கால் நீட்டி உட்கார்ந்து தூண்டில் போடுவதற்காகவே மீதி ஏழு மாதம் பனியைப் பொறுத்துக்கொள்கிறான். கனடாவின் சஸ்காச்சுவான் குளிரில் வேறு எதற்காக ஒரு மனிதன் உயிரோடு இருப்பது?

ஆகவே மனுஷன் வேலையில் இறங்கினான். வீட்டு முற்றத்தில் நின்ற டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டியைக் கடைசிச் சொட்டு வரை வடித்தான். குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க கடையில் விற்கும் இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றி, ஒவ்வொரு குழாயிலும் அது சிவப்பாக வரும்வரை காத்திருந்தான். பேட்டரியைக் கழற்றி வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோனான். குளிர்பெட்டிக் கதவு மூடிக்கொள்ளாமல் ஒரு துண்டைச் செருகினான், மெத்தைகளை நிமிர்த்தி வைத்தான். பிறகு வயிற்றால் ஊர்ந்து போய், டிரெய்லரின் அடியில் விரல் நுழையும் ஓட்டை எல்லாவற்றிலும் எலி கடிக்க முடியாத இரும்புப் பஞ்சை அடைத்தான். எலிக்கு ஆகாத புதினா எண்ணெயை உள்ளே தெளித்த தெளிப்பில் அவனுக்கே இரண்டு நாள் தும்மல் நிற்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விட்டானா? அந்தப் பக்கத்துப் பழைய பண்ணை வீடுகளைச் சுற்றிக் குளிர்காற்று அடியில் புகாதபடி வைக்கோல் கட்டு அடுக்குவார்கள். ஒரெஸ்டும் நாற்பது கட்டு வைக்கோலை டிரெய்லரைச் சுற்றி அணை மாதிரி அடுக்கி, மேலே தானிய லாரியின் தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டினான். தூர நின்று பார்த்தபோது அவன் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. மாதா கோயில் கூடத்தில் பெரோகிக் கொழுக்கட்டை பிடித்துவிட்டு வந்த வெர்னாவும் பார்த்தாள்.

"பார்க்க அழகாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரியில் டிரெய்லர் கூரைப் பனியைத் தள்ளப் போனபோதுதான் அவனுக்குப் புத்தி வந்தது. புதுப்பனியில் ஊசித் தையல் மாதிரி பொடிப்பொடிக் காலடிகள். எல்லாம் வைக்கோல் கட்டுக்குள் போயின. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. எலிக்கு வீடும் கட்டி, உதிர்ந்த கோதுமையைச் சாப்பாட்டுக்கும் வைத்து, மேலே போர்வையும் போர்த்தியிருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. பதறிப் போய் மண்வெட்டியால் ஒரு கட்டைக் குத்தினான். டங் என்றது. தரையோடு தரையாக உறைந்து கல்லாகியிருந்தது.

தாரஸ் வேறு வேலியோரம் லாரியை நிறுத்திக்கொண்டு கேட்டான்.

"என்ன மச்சான், எலிங்களுக்குக் குளிராம இருக்கா? தலகாணி ஏதாச்சும் வேணுமான்னு கேட்டியா?"

"உன் வேலையைப் பாத்துட்டுப் போடா."

அதற்குப் பிறகு ஒரெஸ்டுக்குச் சோறு இறங்கவில்லை. வெர்னாவிடம் சொல்லவும் வாய் வரவில்லை. பிப்ரவரியில் ஒரு நாள் காலையில் சமையலறை ஜன்னல் வழியே பார்த்தான். கீரிப்பிள்ளை மாதிரி ஒல்லியாக, வெள்ளை வெளேரென்று, வால் நுனி மட்டும் கறுப்பாக ஒரு பிராணி, வாயில் எலியோடு கட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது. அரை மணி கழித்து இன்னொரு எலி. ஒரெஸ்ட் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தன்னை மறந்து கைதட்டிவிட்டான்.

"என்னாச்சு உனக்கு?" என்றாள் வெர்னா.

"ஒண்ணுமில்ல. கை மரத்துப் போச்சு."

சந்தோஷம் வந்ததே தவிர நிம்மதி வரவில்லை. அந்தப் புண்ணியவான் வருவதற்கு முன்னால் எத்தனை எலி உள்ளே போயிற்றோ, யார் கண்டது?

மே மாதம் தார்ப்பாயை அவிழ்த்து, மூவரும் கதவைத் திறந்தார்கள். உள்ளே புதினா வாசனை. மெத்தையில் ஒரு பல்லின் தடம் இல்லை. வெர்னா மண்டியிட்டு, டார்ச் அடித்து அடுப்புக்குள் எட்டிப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. ஒரெஸ்டுக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் தாரஸ் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழிருந்த கடைசி இழுப்பறையை இழுத்தான்.

"அக்கா! இதோ இருக்கு பாரு!"

மூலையில் கறுப்பாக, நீளமாக, ஒன்றே ஒன்று. ஏரி, தூண்டில், கரையில் போட்ட நாற்காலி எல்லாம் தாரஸின் லாரிக்குப் பின்னால் போவது ஒரெஸ்டின் கண்ணுக்குத் தெரிந்தது.

வெர்னா அதை இரண்டு விரலால் எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள். ஒரெஸ்டின் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

"கறுப்புக் காட்டரிசி" என்றாள். "போன ஆகஸ்ட்ல வாத்து வறுத்தப்ப கூட வேகவச்சோமே, அதுல சிந்தினது."

தாரஸ் திறந்த வாயை மூடவில்லை. "அக்கா, அது நிஜமாவே..."

"ஏன், உனக்கும் ஒண்ணு வேணுமா? போடா, போய் லாரியில ஏறு. ஒரெஸ்ட், நீ என்ன மரம் மாதிரி நிக்கற? வைக்கோலை எடுத்துப் போட்டுட்டு வண்டியைக் கட்டு. மீன் காத்துட்டா இருக்கும்?"

ஒரெஸ்ட் வைக்கோல் கட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். அங்கே குழாயடியில் வெர்னா நின்றிருந்தாள். ஒரு முறை வாய் கொப்பளித்தாள், இரண்டாம் முறை கொப்பளித்தாள், ஐந்தாம் முறையும் கொப்பளித்துத் துப்பினாள். அவன் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டான். போன ஆகஸ்டில் வாத்துக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குதான் வைத்தார்கள். உரித்தவனே அவன்தான்.

அவன் இன்றுவரை அதைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தக் கோடை முழுக்க அவன் பிடித்ததில் பெரிய மீன் வெர்னாவின் தட்டுக்குத்தான் போனது, முள்ளெல்லாம் எடுத்து.