குதிரைக்காரன் கை

சென்னகிருஷ்ணன் தொட்டால் உதைக்கிற குதிரையும் கண்ணை மூடிக்கொள்ளும். அந்தியூர்ச் சந்தையில் இதைச் சொல்லாத வியாபாரி கிடையாது. நாள் கணக்கில் நடந்து வந்து கால் இறுகிப்போன குதிரையை ஒரு மணி நேரம் உருவிவிட்டு, அன்று மாலையே விலைக்கு நிறுத்திவிடுவான். அப்பேர்ப்பட்டவனுக்கு முப்பத்தைந்து வயதில் ஓர் ஆசை வந்தது. இனி மனிதருக்கு உடம்பு பிடித்துவிட வேண்டும், அதையே தொழிலாக்கிக்கொள்ள வேண்டும்.

"குதிரை வாயத் தொறந்து கொறை சொல்லாதுங்க. மனுசன் சும்மா இருப்பானா?" என்று மனைவி பங்காரம்மா சிரித்தாள். ஊரும் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. களத்துமேட்டில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர்களை உட்காரவைத்து, எந்த நரம்பு எங்கே போகிறதென்று ஆறு மாதம் விரலாலேயே படித்தான்.

அந்தச் சமயத்தில் கோயமுத்தூர் நூல் மில் ஒன்றில் வைத்திய அறை திறந்தார்கள். தோளும் இடுப்பும் பிடித்துக்கொண்ட தொழிலாளிகளுக்கு நீவிவிட ஓர் ஆள் வேண்டும். மில்லின் பங்குதாரர் பொங்கியண்ணக் கவுண்டரிடம் போய் நின்றான்.

"மொதல்ல என்ற தோளைப் பாரு. மூணு வாரமா இந்தக் கை மேல போகமாட்டீங்குது. அப்புறம் வேலையப் பேசலாம்," என்றார் கவுண்டர்.

பலகையில் குப்புறப் படுத்தார். பக்கத்தில் மைத்துனர் லட்சுமணசாமி காவலுக்கு உட்கார்ந்தார். சென்னகிருஷ்ணன் வெதுவெதுப்பான நல்லெண்ணெயைத் தடவி அரை மணி நேரம் நீவினான். தோள் கல்லாகவே கிடந்தது. வேலை கைநழுவுகிறதென்று அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு முடிச்சில் விரல் பட்டதும் கவுண்டர் வலி பொறுக்காமல் உடம்பைச் சிலிர்த்தார். அசல் குதிரைச் சிலிர்ப்பு. சென்னகிருஷ்ணன் இருக்கிற இடத்தை மறந்தான்.

"ச்சு ச்சு... பயப்படாத கண்ணு. நான் இருக்கறனில்ல? என்ற தங்கமில்ல? சும்மா விடு," என்று கழுத்தில் தட்டிக்கொடுத்தான்.

லட்சுமணசாமி துள்ளி எழுந்தார். கவுண்டரைப் பேர் சொல்லிக் கூப்பிடவே ஊரில் ஆள் இல்லை. இவனுக்குக் கண்ணாம், தங்கமாம்! சென்னகிருஷ்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. பாதி உயிர் போய்விட்டது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. அந்த நொடியில்தான் தோள் இளகத் தொடங்கியிருந்தது, இப்போது விட்டால் மறுபடி இறுகிவிடும். வேலை போனால் போகட்டும், தொட்ட உடம்பைப் பாதியில் விடமாட்டான். அவனை மெச்சாமல் என்ன செய்வது?

கவுண்டர் முகத்தை நிமிர்த்தாமலே இடக்கையை அசைத்து மைத்துனரை உட்காரச் சொன்னார்.

முடிந்ததும் எழுந்து உட்கார்ந்தார். வலக்கை மெல்ல மெல்ல உயர்ந்து தலைக்கு மேலே போய் நின்றது. அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பாப் பேசிப்போட்டேனுங்க," என்றான் சென்னகிருஷ்ணன்.

"எங்காத்தா போயி இருவது வருசமாச்சு. அதுக்கப்புறம் ஆரும் என்னைய அப்படிக் கூப்புடல," என்றார் கவுண்டர். "திங்கக்கெழம மில்லுக்கு வந்துரப்பா. ஆனா ஒண்ணு, அங்க வலின்னு வாரவங்க அத்தன பேருக்கும் இதே மாதிரி பேசித்தான் புடிக்கோணும்."