இருவர் கையெழுத்திட்ட வீடு

வாடகை ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்வதுதான் என் வேலை. அதனால் நானும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து வாடகைக்கு எடுத்த தரைத்தள வீட்டுக்கும் நானே ஒப்பந்தம் தயாரித்தேன். ஒரு கணவன் மனைவிக்காகச் செய்து வைத்திருந்த படிவத்தில் பெயர்களை மட்டும் மாற்றினேன். சோம்பேறித்தனம், வேறென்ன?

உடன் இருந்தவள் முடி திருத்துபவள். தெருவே அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடும். வீட்டில் தொழில் செய்யக் கூடாது என்று ஒப்பந்தம் சொல்ல, அவள் சமையலறையில் நாற்காலி போட்டு வாடிக்கையாளர்களை உட்கார வைத்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியில் முடி. ஒருநாள் என் டீயிலும் முடி. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

"நாளையிலேர்ந்து நிறுத்திடறேன்க்கா" என்பாள். அந்த நாளை வரவே இல்லை.

இதற்குள் அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அம்மாவால் படியேற முடியாது. என்னோடுதான் இருக்க வேண்டும். கத்திரி போய்விட்டால் அவள் அறை அம்மாவுக்கு. உண்மையைச் சொன்னால், என் கோபத்தில் முடி பாதி, அந்த அறை பாதி. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்காரருக்குப் புகார் எழுதினேன்.

அவர் மறுநாளே ஒப்பந்தத்தோடு வந்தார்.

"நீங்க எழுதினதுதானேம்மா? படிங்க."

இருவரில் ஒருவர் நிபந்தனையை மீறினாலும் இருவருக்கும் ஒப்பந்தம் முடிந்துவிடும் என்றிருந்தது. தம்பதிக்குப் பொருத்தமான வரி.

"மாசக் கடைசியில ரெண்டு பேரும் காலி பண்ணிடுங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

கத்திரி சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். அவளோ தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டு வீடு தேடப் போனாள். பத்தே நாளில், முன்புறம் கடையும் பின்னால் இரண்டு அறையுமாக, படியில்லாத ஒரு வீட்டைப் பிடித்துவிட்டாள். எனக்குக் கிடைத்ததெல்லாம் மாடி வீடுகள்.

அம்மாவுக்கு அறை வேண்டித்தான் புகார் எழுதினேன் என்பதையும் சொல்லி, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ஒப்பந்தத்துல என் பேரையும் சேர்த்துக்கறியா?"

அவள் சீப்புகளைத் துணியில் சுற்றிக்கொண்டே யோசித்தாள்.

"அம்மாவைக் கூட்டிட்டு வாங்கக்கா. எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. பேரு மட்டும் வேண்டாம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அறையைக் குடுத்திருப்பேன்."

அன்று மாலையே அம்மாவுக்குப் போன் செய்தேன். வீடு கிடைத்துவிட்டது, ஒரு படிகூட இல்லை, ஆனால் அங்கே நாம் விருந்தாளிகள் என்றேன்.