நூறு ரூபாய்ப் பெருவிரல்

குழந்தைவேலுவின் வலது கால் பெருவிரலுக்கு நூறு ரூபாய் என்று விலை வைத்தது திருப்பத்தூர்ச் சந்தை. வருஷம் அறுபத்தேழு, பங்குனி மாதம். விரலை யாரும் வாங்கிக்கொண்டு போகவில்லை. நூறு ரூபாய் மட்டும் போய்விட்டது.

குழந்தைவேலு மாட்டுத் தரகர். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வது கிடையாது. தரகர்கள் இருவரும் கையோடு கை கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் நூறு, இரண்டைப் பிடித்தால் இருநூறு. சுற்றி நிற்கிற நாற்பது பேருக்கும் துண்டு ஆடுவது தெரியுமே தவிர விலை தெரியாது. துண்டுக்குள் பிடித்த விரலை வெளியே வந்து மாற்றிப் பேசுகிறவன், மறுநாள் வேறு தொழில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அன்றைக்கு அரியக்குடிப் பெத்தனுக்காக ஒரு மயிலைக் காளையை வாங்கப் பேசிக்கொண்டிருந்தார். எதிர்க்கை, விற்கிறவன் பக்கத்துத் தரகர் உடையப்பனுடையது. நாலு விரலில் வந்து நின்றது பேரம். முடியப் போகிற நேரத்தில், கூட்டத்தில் எவனோ டயர்ச் செருப்போடு குழந்தைவேலுவின் பெருவிரல் மேல் ஏறி நின்றான். நகம் சதைக்குள் இறங்கி, ஒரு மாதமாகச் சீழ் கட்டியிருந்த விரல் அது. உயிர் உச்சந்தலை வரைக்கும் போய்த் திரும்பியது. கை தானாக எதிர்க்கையின் ஐந்து விரலையும் சேர்த்து நெரித்தது.

"ஐந்நூறு! பேச்சு முடிஞ்சது!" உடையப்பன் துண்டை உதறிவிட்டார்.

"யோவ், கால்ல மிதிச்சுட்டான்யா!"

"நான் உங்க கால்கிட்டயா பேசுனேன்?"

பெத்தனிடம் நானூறு மட்டும் வாங்கிக்கொண்டு, மிச்ச நூறைத் தன் மடியிலிருந்து அவிழ்த்து வைத்தார் குழந்தைவேலு. சந்தை அதோடு விட்டதா? அடுத்த வாரம் மூன்று பேர் 'தெரியாமல்' மிதித்தார்கள். துண்டைப் போடுமுன்பே குனிந்து சுற்றி நிற்கிற கால்களைப் பார்த்துக்கொண்டார். பெத்தன்கூட, "காலு சரியாகட்டும்ணே, பெறகு பாப்போம்" என்று நழுவினான். இன்னும் நாலு சந்தை இப்படிப் போனால் துண்டை வைத்து முகம் துடைத்துக்கொள்ளலாம், பிழைக்க முடியாது.

"மாட்டுக் குளம்புல முள்ளு இருந்தா ஒரு மைலு தள்ளி நின்னு சொல்லிருவீக. சொந்தக் காலு மட்டும் கண்ணுக்குத் தெரியாதாக்கும்" என்றாள் மனைவி நாகவல்லி. மஞ்சள் பற்றுப் போட்டாள். சுண்ணாம்பு வைத்தாள். கடைசியில் எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலுக்குத் தொப்பி மாட்டினாள். அந்தத் தொப்பியோடுதான் காரைக்குடிக்கு பஸ் ஏறினார்.

டாக்டர் கல்யாணசுந்தரி பழத்தைக் கழற்றினார். விரலை அங்குட்டும் இங்குட்டும் திருப்பிப் பார்த்தார்.

"நகத்தை எதால வெட்டுவீக?"

"குளம்பு சீவுற கத்திதான் டாக்டரம்மா. குத்துற ஓரத்தை உள்ள விட்டு வளைச்சு எடுத்துருவேன்."

"வினையே அதுதான். வளைச்சு வெட்ட வெட்ட, உள்ள நிக்கிற முனை சதையைக் குத்திக்கிட்டே வளரும். நகத்தை நேரா வெட்டணும், ஓரத்தைத் தோண்டக் கூடாது. செருப்பு எங்க?"

கக்கத்திலிருந்து எடுத்துக் காட்டினார். முனை கூரான, பளபளக்கிற பூட்ஸ்.

"மச்சினன் பினாங்குலருந்து அனுப்புனது."

"பினாங்குல எல்லாருக்கும் ஒத்தை விரலா? இதுக்குள்ள அஞ்சு விரலையும் எப்பிடிண்ணே அடைச்சீக?" டாக்டர் பூட்ஸைத் தள்ளி வைத்தார். "விரலை மரக்க வச்சு, குத்துற ஓரத்தை மட்டும் எடுத்துருவேன். முழு நகமும் போகாது. பதினஞ்சு ரூபா."

குழந்தைவேலுவுக்குள் இருந்த தரகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அஞ்சு ரூபாயாப் போடுங்க. வலியும் நமக்கு, செலவும் நமக்கா?"

"பேரத்தை நம்ம கம்பவுண்டர்கிட்ட வச்சுக்கங்க. காலை எங்கிட்டக் குடுங்க."

கம்பவுண்டர் சின்னக்கண்ணுவின் வீடும் மாட்டுக்கார வீடுதான். சொல்லவே வேண்டாம், துண்டை வாங்கிக் கையை மூடிவிட்டார். விரலுக்கு ஐந்து ரூபாய் என்று பேச்சு. கம்பவுண்டர் மூன்று விரலைப் பிடித்தார். குழந்தைவேலு ஒன்றைப் பிடித்தார். மூன்று. ஒன்று. கம்பவுண்டர் பெருமூச்சு விட்டு இரண்டுக்கு இறங்கினார். குழந்தைவேலுவுக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு முகத்தில் சிரிப்பு வந்தது. இரண்டிலிருந்து ஒன்றரைக்கு இழுக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது, டாக்டர் விரலின் அடியில் மரப்பு ஊசியை இறக்கினார்.

"ஆத்தாடி!"

"அஞ்சு விரலு! இருபத்தஞ்சு ரூபா, பேச்சு முடிஞ்சது!" என்றார் சின்னக்கண்ணு.

டாக்டருக்குச் சிரிப்பில் ஊசி ஆடியது. "அடப்பாவி, பதினஞ்சு போதும்யா."

"இல்ல டாக்டரம்மா" என்றார் குழந்தைவேலு, கண்ணில் தண்ணீரோடு. "துண்டுக்குள்ள பிடிச்சது பிடிச்சதுதான். உடையப்பனுக்கே மாத்திப் பேசல. உங்களுக்கா மாத்துவேன்?"

விரல் மரக்க ஐந்து நிமிஷம். நகத்தின் ஓரத்தைக் கீறி எடுக்க அதைவிடக் குறைவு. எடுத்ததைக் காட்டினார்கள், அரிசி நொய் அளவுதான் இருந்தது. இதுவா நூறு ரூபாய் தின்றது என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"கட்டு நனையக் கூடாது. நாளன்னைக்கு வந்து பிரிச்சுக்கங்க. பெறகு தெனம் வெதுவெதுப்பா உப்புத் தண்ணியில காலை வச்சு, ஈரம் போகத் தொடைங்க" என்ற டாக்டர், பத்து ரூபாயைத் திரும்ப அவர் கையில் வைத்தார். "இது நீங்க குடுத்த காசுதான். முன்பக்கம் அகலமான செருப்பா வாங்கிப் போடுங்க. அதுவும் வைத்தியந்தான்."

சித்திரை கடைசியில் அவர் மறுபடி சந்தைக்குள் நுழைந்தார். இந்தத் தடவை சொந்தத்துக்கே ஒரு காளை. எதிர்க்கை அதே உடையப்பன். அவர் நாலு விரலைக் கேட்டார். குழந்தைவேலு மூன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் உடையப்பனின் கால் மெதுவாக நகர்ந்து வந்து பெருவிரல் மேல் உட்கார்ந்தது. அழுத்தியது. இன்னும் அழுத்தியது. துண்டுக்குள் மூன்று விரல், மூன்றாகவே இருந்தது.

"உடையப்பா" என்றார் குழந்தைவேலு, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி. "வெகு நேரமா என் கால் மேல நிக்கிறீரு. தரையில சூடா?"

நாற்பது தலையும் குனிந்து பார்த்தன. சந்தையே சிரித்தது. உடையப்பனுக்குக் காலை எடுப்பதா, கையை எடுப்பதா என்று தெரியவில்லை. மானம் போகிற அவசரத்தில் மூன்றுக்கே முடித்துவிட்டுக் கிளம்பினார். அந்தக் காளையை அன்று சாயங்காலமே முந்நூற்றைம்பதுக்கு வாங்கிப் போனவன், தேடிக்கொண்டு வந்த பெத்தன்.

வீட்டுக்கு வந்ததும் நாகவல்லி காலண்டர் தாளின் முதுகில் எழுதினாள்:

மிதித்ததில் போனது 100.00
வைத்தியம், செருப்போடு 25.00
எலுமிச்சம்பழம் 0.60
ஆக 125.60
மிதித்ததில் வந்தது 50.00
பாக்கி 75.60

"உடையப்பண்ணன் இன்னும் ரெண்டு தடவை மிதிச்சா நேராயிரும்" என்றாள்.