இருமக் கூடாத கூடம்

அழகிரிசாமிக்கு யூனிபார்ம் வந்த அன்றே கணபதி ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பரப்பியவர் அவரேதான். சாம்பல் நிறச் சட்டை, தோளில் பட்டை, மார்பில் பித்தளை வில்லை. பால் வாங்கப் போகும்போதும் அதைப் போட்டுக்கொண்டுதான் போனார்.

"ஏனுங்க, பால்காரன் சல்யூட் அடிச்சானுங்களா?" என்று கேட்டாள் மனைவி சாமியாத்தாள்.

"அடிச்சான். பேங்க் வாச்மேன்னு நெனச்சுப்போட்டான்."

சிரித்தார்களே தவிர, இருவருக்கும் அந்த வில்லை எதற்கென்று தெரியும். அவர் வேலை பார்த்த மில் மூடிய பிறகு மகள் பூங்கொடியைப் பெண் பார்க்க வந்தவர்கள், காப்பியைக் குடித்துவிட்டு, "பொண்ணோட ஐயன் எங்க வேலைக்குப் போறாருங்க?" என்று கேட்டார்கள். "நான் எங்கயும் போறதில்லீங்க, வேலைதான் என்னைத் தேடி வரோணும்" என்று அழகிரிசாமி தமாஷ் பண்ணினார். யாரும் சிரிக்கவில்லை. திரும்பி வரவும் இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. இந்தத் தடவை பதில் மார்பிலேயே மின்னியது.

மூடிக் கிடந்த அதே மில்லில்தான் காவலாளி வேலை. முதலாளி செங்கோட்டையன் தன் ஐயன் பெரிய முதலாளியின் நினைவாக அதில் ஒரு பகுதியை மியூசியம் ஆக்கியிருந்தார். கட்டியவர் அருண்குமார், அகமதாபாத்தில் படித்த ஆர்க்கிடெக்ட். சுவரைத் தடவிக்கொண்டேதான் பேசுவார்.

முதலில் ஒரு சந்து. இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது, கையைத் தூக்கினால் கூரை இடிக்கும். பூசாத செங்கல்லின்மேல் பஞ்சுத் தூசியைப் பசையில் குழைத்து அப்பியிருந்தார். "இங்க வர்றவங்களுக்கு மூச்சு முட்டணும், மில் வாழ்க்கை தெரியணும்" என்றார். சந்து முடிகிற இடத்தில் கனத்த கதவு. அதற்குக் கைப்பிடி, நூற்பு எந்திரத்தில் நூல் சுற்றிய பழைய இரும்புக் கதிர். தொட்டதும் சில்லென்றிருக்கும். கதவைத் தள்ளினால் பெரிய கூடம். முகம் தெரிகிற கடப்பாக்கல் தரை, வெறும் வெள்ளைச் சுவர், உச்சியில் சாய்ந்த கண்ணாடி வழியே இறங்கும் வெளிச்சம், கோடியில் பெரிய முதலாளியின் வெண்கலச் சிலை.

"இந்த ஹால்ல ஊசி விழுந்தாக்கூடக் கேக்கணும்" என்றார் அருண்குமார்.

அழகிரிசாமிக்குச் சந்தில் மூச்சு முட்டவே இல்லை, சொந்த ஊட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. பஞ்சு பிரிக்கிற இடத்தில் காலம் தள்ளியவருக்கு அந்தச் சுவர் பழகிய சுவர். கூடத்தின் சுத்தமான காற்றில்தான் நெஞ்சு திணறி, இருமல் வந்தது.

அது மேலே போய்க் கண்ணாடியில் முட்டி, சுவர் சுவராக மோதி இறங்கியது. ஓர் ஆள் இருமியது ஒரு ஷிப்டே இருமியது போலக் கேட்டது.

"கூட ஆளுங்க இருக்கற மாதிரி தெம்பா இருக்குதுங்க" என்றார் அழகிரிசாமி.

அருண்குமார் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏனுங்ணா, சித்தே மெதுவா இருமப்படாதுங்களா?" என்று செங்கோட்டையன் மிகப் பணிவாகக் கேட்டார். தொழிலாளியைக்கூட அண்ணா என்று அழைத்துத்தான் அந்தக் குடும்பத்துக்குப் பழக்கம். மில்லை மூடிய அறிவிப்பையும் அண்ணா போட்டுத்தான் சொன்னார்கள்.

அழகிரிசாமி கற்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார், துண்டால் வாயைப் பொத்தினார், சிலையைப் போலவே மூச்சடக்கி நின்றும் பார்த்தார். இருமல் பொறுத்திருந்து, பெரிய மனிதர்கள் நுழைகிற நேரம் பார்த்து வந்தது.

வெள்ளிக்கிழமை அருண்குமார் டேப் ரெக்கார்டருடன் வந்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "சார், சந்துக்குள்ள நின்னு இருமுங்க. பதிவு பண்ணிக்கறேன்."

தன் இருமலுக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டதென்று அழகிரிசாமி பூரித்துப்போனார்.

"இன்னொரு தடவை சார். அடிவயித்துல இருந்து."

கண்ணில் நீர் முட்ட, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். "அற்புதம்!" என்றார் அருண்குமார். கேசட் சந்தின் ஸ்பீக்கரில் தானாகவே திரும்பித் திரும்பி ஓடும் என்றும் சொன்னார்.

சாயங்காலம் செங்கோட்டையன் கைகூப்பினார். "சட்டையைக் கழட்டி வெச்சுப்போட்டுப் போயிட்டு வாங்ணா. வெளுக்கப் போட்றலாம்."

அழகிரிசாமி பனியனோடு வீட்டுக்குப் போனார். மறுநாள் எட்டு மணிக்கு வந்துவிட்டார். வாசலில் அவருடைய சட்டையை வேறொருவன் போட்டிருந்தான். அவனுக்குச் சட்டைக் கை நீளம், மடித்துவிட்டிருந்தான்.

"நாந்தான் போயிட்டு வாங்கன்னு சொன்னனேங்ணா" என்றார் செங்கோட்டையன், வருத்தத்தோடு.

"அதானுங்க, வந்துட்டேன்."

"எங்க வாயில வெறும் 'போ'ன்னு வராதுங்ணா. நீங்கதான் புரிஞ்சுக்கோணும்."

அழகிரிசாமி வீட்டில் இதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் பூங்கொடியைப் பார்த்தார்கள், பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் ஐயன் காப்பி டம்ளரை வைத்துவிட்டு உற்சாகமாக எழுந்தார். "பக்கத்துலதானுங்களே மியூசியம்? உங்க வேலையைப் பாத்துப்போட்டே போறமுங்க."

"இன்னைக்கு எனக்கு லீவுங்க."

"அப்ப ஜாலியாச் சுத்திக் காட்டலாமுங்களே!"

எல்லாருக்கும் அழகிரிசாமியே டிக்கெட் எடுத்தார். "எனக்கே டிக்கெட்டுங்க, அத்தனை கண்டிப்பு" என்றார். சந்துக்குள் ஒருவர்பின் ஒருவராக நுழைந்தார்கள். இருட்டில், தலைக்கு மேலே, யாரோ அடிவயிற்றிலிருந்து இருமினார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். "ஆருங்க அது? சீக்காளியாட்ட."

எந்த இருட்டிலும் அந்த இருமல் சாமியாத்தாளுக்குத் தெரியும். அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"டேப்புங்க" என்றார் அழகிரிசாமி. "நிஜமாட்டவே இருக்குதுங்களா?"

கதிரைப் பிடித்துக் கதவைத் தள்ளினார். சுத்தமான காற்று வந்து நெஞ்சில் இறங்கியது. அவர் பல்லைக் கடித்தார். துண்டை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

இருமல் கண்ணாடிவரை போய், சந்தில் கேட்ட அதே இருமலாகக் கீழே இறங்கியது. பின்னால் கதவு மூடவில்லை. ஸ்பீக்கர் இருமியது, அவர் இருமினார். ஸ்பீக்கர் மறுபடி இருமியது. வெள்ளகோவில்காரர்கள் கதவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

சாம்பல் சட்டைக்காரன் மடித்த கையோடு ஓடி வந்தான். "ஏனுங்க பெரியவரே, இருமறதுன்னா வெளிய போயிட்டு வாங்க!"

பஸ் ஸ்டாப்பில் மாப்பிள்ளையின் ஐயன் மிக மரியாதையாகக் கைகூப்பினார்.

"அப்பப் போயிட்டு வாரமுங்க."

பஸ் திரும்புகிறவரை சாமியாத்தாள் பார்த்துக்கொண்டே நின்றாள். "வாரம்னுதானுங்களே சொன்னாங்க?"

"சொன்னாங்க" என்றார் அழகிரிசாமி.