பென்சில் குறி

மந்திரி வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மனைவி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொண்டுவருவார். அந்த அம்மாள் அதன் மேலேயே பெயரை எழுதிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். இருபத்தெட்டு வருஷம் இப்படியே ஓடியது. தோட்டம், கல்லூரி, கடைத்தெருக் கட்டடம் எல்லாம் அவள் பேரில் வந்து சேர்ந்தன. ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. புருஷன் மேல் அத்தனை நம்பிக்கை. கொஞ்சம் சோம்பலும்தான், அதை அவளே ஒப்புக்கொள்வாள்.

ஆட்சி போனது, ஊழல் வழக்கு வந்தது. வாசலில் கூட்டம் குறைந்தது. சமையல்காரரும் சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிட்டார். விசாரணைக்கு முந்தின நாள் மாலை, வக்கீலை முன்னறையில் உட்கார வைத்துவிட்டு, மந்திரி ஒரு தாளோடு சமையலறைக்கு வந்தார். பதவியில் இருந்தவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர்.

"இதுல ஒண்ணு போட்டுடும்மா. வக்கீல் காத்துக்கிட்டிருக்கார்."

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். குறியைக் காட்டிய அவர் விரல் நடுங்கியது. எத்தனையோ மேடைகளில் நீண்ட விரல் அது; நடுங்கி அவள் பார்த்ததில்லை. பேனாவை வைத்துவிட்டுக் கண்ணாடியை எடுத்தாள்.

"இப்ப எதுக்குக் கண்ணாடி?"

"படிச்சுப் பாக்கறேங்க."

வக்கீல் பாஷை, எழுத்துக்கூட்டித்தான் படித்தாள். சொத்துகள் அனைத்தும் தானே விரும்பி வாங்கியவை, கணவருக்கு எதுவுமே தெரியாது என்று அவள் சொல்வதாக எழுதியிருந்தது.

"அப்ப ஜெயிலுக்கு நான் போகணுமா?"

"பொம்பளைன்னு பாத்து நடந்துப்பாங்க. மிஞ்சிப்போனா ரெண்டு வருஷம். நான் வெளியில இருந்தாத்தானே உன்னை எடுக்க முடியும்?"

எனக்காகப் போ என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் போயிருப்பாள். அவ்வளவு பிரியம் இருந்தது. இந்த மனுஷனோ இதற்கும் குறி போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்.

மேசையில் பேத்தியின் பென்சில் பெட்டி கிடந்தது. ரப்பரை எடுத்து, குறியை நிதானமாக அழித்தாள். தூளை ஊதிவிட்டுத் தாளை அவரிடமே நீட்டினாள். முன்னறையில் வக்கீல் இருமுவது கேட்டது.

"குறியைக் காணோமேங்க. எங்க போடறதுன்னு எனக்குத் தெரியலை."