குடுமி வைத்த கிழங்கு

கனகவதிக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை. கூரியரில் கிழங்கு வந்துவிட்டது! பட்டு நூல் கடையில் இருந்த கணவர் அப்பாண்டைராஜுக்கு உடனே போன் போட்டாள்.

"ஏங்க, ஒட்டு லில்லியாம். வருஷம் பூரா இலை பச்சையாவே இருக்குமாம். ரோஸ் கலர்ல கொத்துக் கொத்தா பூத்தா, வாசனை தெருவையே தூக்குமாம்!"

வாசல் ஓரம் கார் நிறுத்த சிமென்ட் தளம் போட அவர் நினைத்திருந்த இடத்தில்தான் அவள் அதை நட்டாள். "ஐப்பசிக்குள்ள பூத்தா இடம் உனக்கு. இல்லன்னா கொத்தனார் வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டார். மனுஷன் சொன்னால் செய்கிற ரகம்.

ஆடி பிறந்தும் முளையைக் காணோம். பக்கத்து வீட்டில் தறி நெய்யும் சூர்யகலாவிடம் சொல்லும்போது கனகவதிக்கு அழுகையே வந்துவிட்டது. இருவருமாக மண்ணைக் கிளறினார்கள். கிழங்கைக் கண்டதும் சூர்யகலா சிரித்த சிரிப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாக்கா இது, வேரு வானத்தப் பாத்துகினு கீது! வெங்காயத்தப் பாத்ததே இல்லியா நீங்க?"

எங்கே பார்ப்பது? அவர்கள் நயினார் வீடு, தமிழ்ச் சமணர்கள். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் வெங்காயமோ பூண்டோ வாசப்படி ஏறியதில்லை.

"குடுமி மாதிரி இருந்துச்சி. தலைன்னு நெனச்சி மேல வச்சிட்டேன்" என்றாள் கனகவதி. சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

திருப்பி நட்டார்கள். இலை விட்டது. புரட்டாசி மழையில் கட்டை விரல் தடிமனுக்குத் தண்டு எழும்பியது. மொட்டு மட்டும் வாயைத் திறப்பேனா என்றது. ஐப்பசியும் முடிந்துபோனது. சொன்னபடியே, கார்த்திகை முதல் நாள் காலையில் கொத்தனார் பன்னீர்செல்வம் நூல்கயிற்றோடு வந்து நின்றார்.

கனகவதி பதறியடித்து வாசலுக்கு ஓடினாள். பூத்திருந்தது! ரோஸ் நிறத்தில் மூன்று பூக்கள். வாசலெல்லாம் ஒரே மணம்.

அப்பாண்டைராஜ் குனிந்து முகர்ந்தார். நிமிர மனசே வரவில்லை.

"கயித்த சுத்துங்க பன்னீரு. காரு தெருவுலயே நிக்கட்டும்."

தறியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள் சூர்யகலா. "எனக்கும் ஒண்ணு வரவழச்சிக் குடுங்கக்கா!"

"தரேன். ஆனா ஒண்ணு" என்று விரலை நீட்டினாள் கனகவதி, மகா கண்டிப்பாக. "குடுமி கீழ போவணும். மறந்துடாத!"