வலது பக்கத்து அளவு

"இன்னொரு ஸ்கேன் எடுத்துடலாம்க்கா" என்று அந்தப் பெண் மூன்றாவது தடவையாகச் சொன்னபோதே தையல்காரிக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. போன வருஷம் வலது மார்பை எடுப்பதற்கு முன்னாலும் இதே பாட்டைத்தான் பாடினார்கள். இன்னொரு படம், இன்னொரு படம் என்று சொல்லிச் சொல்லியே கத்தி வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் சும்மா ஒரு படம் எடுத்ததாகச் சரித்திரமே கிடையாது.

இந்தப் பெண் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரியின் பின்கட்டில், அச்சு இயந்திரம் உறுமிக்கொண்டே இருக்கும் அறையில் உட்கார்ந்து மார்பு செய்பவள். முகத்தில் பாதியை மறைக்கிற கண்ணாடி போட்டிருந்ததால் தையல்காரி அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர் வைத்துவிட்டாள். மிச்சமிருக்கும் இடது மார்பை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் இடம் வலமாகத் திருப்பிப் போட்டு, வலதுக்கு ஒரு சல்லடைக் கூடு அச்சடிப்பாள். அதை உள்ளே வைத்துத் தைத்தால் உடம்பின் சொந்தக் கொழுப்பு அதற்குள் வளர்ந்து நிரம்புமாம். கூடு இரண்டு வருஷத்தில் கரைந்துவிடுமாம்.

"கரைஞ்சு எங்க போகும்?" என்று முதல் நாளே கேட்டாள் தையல்காரி.

"தேவையில்லாததை உடம்பே வெளியேத்திடும்க்கா."

"என் உடம்புக்கு அவ்வளவு சமத்து இருந்தா நான் ஏன் இங்க வந்து உக்காந்திருக்கேன்?"

கூட வந்திருந்த நாத்தனார் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு ஒரு ஃபாரம் நிரப்பினார்கள். 'ஆபரேஷனுக்கு முன் இரண்டும் ஒரே அளவா?' என்று ஒரு கேள்வி. நாத்தனார் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். ஆமாம் என்று தையல்காரி சட்டென்று சொல்லிவிட்டாள். நன்றாகப் பொருந்திய பழைய பிளவுஸ் ஒன்று கேட்டார்கள். தன் கையால் தைத்ததையே கொடுத்தாள்.

இன்றைக்குக் கண்ணாடிக்காரி முகம் கொடுத்தே பேசவில்லை. கம்ப்யூட்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

"இடது பக்கம், டாக்டர்... முன்னைவிடப் பெரிசாயிருக்கு. வீக்கமா இருக்குமோ?"

தையல்காரி நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேற யாரையாவது பத்திப் பேசியிருப்பா அண்ணி" என்றாள் நாத்தனார்.

"இந்த ரூம்ல இடது மட்டும் இருக்கிறவ வேற யாரு?"

கண்ணாடிக்காரி திரும்பி வந்ததும் தையல்காரி எழுந்து நின்றாள். இத்தனை நாள் போட்ட மரியாதையெல்லாம் போய்விட்டது. "பூசி மெழுகாம சொல்லு. எனக்குத் திரும்ப வந்திடுச்சா?"

அந்தப் பெண், சோதித்துப் பார்க்க அச்சடித்த வெளிறிய மாதிரிக் கூடு ஒன்றையும் அந்தப் பிளவுஸையும் மேஜையில் வைத்தாள். கூட்டைப் பிளவுஸின் வலது பக்கத்துக்குள் வைத்து அழுத்தினாள். துணி விறைத்தது, கொக்கி மாட்டவில்லை.

"இது உங்க இடதோட அச்சுதான்க்கா. முன்னாடி ரெண்டும் சமம்னு சொன்னீங்க. இப்ப இது கொள்ளலைன்னா இடது பெருத்திருக்கணும். நிச்சயம் தெரியாம உங்களைப் பயமுறுத்த வேண்டாம்னு..."

தையல்காரி பிளவுஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தாள். வலது பக்கத்து உள்துணியின் தையலைப் பிரித்தாள். இரண்டு விரலை உள்ளே விட்டு, நான்காக மடித்துத் தைத்த பஞ்சுத்துணியை உருவி மேஜையில் போட்டாள்.

"இப்ப வச்சுப் பாரு."

கூடு கச்சிதமாக உட்கார்ந்தது. கொக்கியும் மாட்டியது.

"வலது எப்பவுமே சின்னது" என்றாள் தையல்காரி. "வயசுக்கு வந்த நாள்லேருந்து இப்படித்தான் தச்சுப் போடறேன். எங்க வீட்டுக்காரருக்கே தெரியுமோ என்னவோ." நாத்தனார் பக்கம் அவள் திரும்பவில்லை. வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. அந்த வெட்கத்துக்கு அடியில், இடது வளரவில்லை, இடது வளரவில்லை என்று நெஞ்சு குதித்தது.

கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இருந்தாலும் டாக்டர் ஒரு தடவை பார்த்திடட்டும்க்கா."

"பார்க்கட்டும். ஆனா நீ கூடவே இருக்கணும். என் எதிர்லதான் பேசணும்."

"சரிக்கா. கூடு இப்ப இருக்கிற அளவே இருக்கட்டுமா? ரெண்டும் சமமாயிடும். இனிமே பஞ்சு வைக்கவே வேண்டாம்."

நாத்தனார் "அதுவும் நல்லதுதானே அண்ணி" என்றாள்.

இதைத்தான் முப்பது வருஷம் கண்ணாடி முன்னால் நின்று ஆசைப்பட்டாள். இப்போது தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். தையல்காரியின் கை தட்டையாகக் கிடந்த வலது பக்கத்துக்குத் தானாகப் போனது.

"வேண்டாம்" என்றாள். "சின்னதாவே செய். என்கிட்டேருந்து எடுத்தது அதைத்தான்."

பஞ்சுத்துணியின் கனத்தை டேப்பால் அளந்து சொன்னாள். கண்ணாடிக்காரி குறித்துக்கொண்டாள். சொன்னபடிதான் எழுதுகிறாளா என்று தையல்காரி எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.